எதிர்வீட்டு அக்கா கேட்டவை

வியாழக்கிழமை மாலை நாலு இருபதுக்கு என் மகளின் கைப்பேசியில் அந்த மின்னஞ்சல் வந்தது. நான் பள்ளியிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல் அடுப்பில் பால் வைத்திருந்தேன். கூடத்தில் அவள் எதையோ முணுமுணுவென்று வாசிக்கிற சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"என்னடி?"

"ஒண்ணுமில்லம்மா."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எங்கள் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டு இரும்புக் கேட்டைத் திறந்து, வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அக்காவின் தோளில் முகத்தை வைத்து என் மகள் அழுதாள். என் பின்னால் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

அவளுக்குத் திருமணமாகி ஐந்து மாதமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஊர். விவசாயம் படித்துவிட்டு நியூசிலாந்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறார். கல்யாணத்துக்கு ஆறு வார விடுப்பில் வந்து, திரும்பிப் போய், மனைவியை அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தார். அதற்குத்தான் இப்போது பதில் வந்திருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதை எனக்குச் சொன்னதும் என் மகள் இல்லை. கீரையைப் பாதியில் விட்டுவிட்டு அக்காதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னார்.

"கல்யாணம் ஆன ஒரு வாரத்துல பொண்ணு அம்மா வீட்டுக்குத் திரும்பிட்டா. மாப்ளை விமானம் ஏறுற வரைக்கும் ரெண்டு பேரும் ரெண்டு வீட்ல இருந்திருக்காங்க. இது நெஜமான கல்யாணமா, விசாவுக்காகச் செஞ்ச கல்யாணமான்னு அவங்களுக்குச் சந்தேகமாம். ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லாட்டி முடியாதுன்னு எழுதிருவாங்களாம்."

அப்படி எழுதிவிட்டால் அடுத்த முறை கேட்பது இன்னும் கடினம். மாப்பிள்ளைக்கு மறுபடி விடுப்புக் கிடைக்க வருடக்கணக்காகும். என் கணவர் நாற்காலியைவிட்டு எழுந்து, "வக்கீலைப் பாக்கணும்" என்றார். பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தது நான்.

அந்த அக்கா இப்போது எங்கள் ஊரில் இல்லை. மகன் வீட்டோடு போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் அவருடைய முகத்துக்கு முன்னால் ஒரு கேள்விதான் வந்து நிற்கிறது. அவர் கேட்டுவிடுவார். மற்றவர்கள் மனதுக்குள் நினைத்துக்கொண்டு வேறு ஏதாவது பேசுகிற இடத்தில், அவர் நினைத்ததையே கேட்பார்.

ஓய்வுபெற்ற நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, இடையில் சில வருடங்கள் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவர். வார்டில் காலை வேளையில் ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்டுப் பழகிய வாய் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கென்னவோ, அந்த வாய் இருந்ததால்தான் அவர் நர்ஸ் வேலைக்கே போயிருப்பார் என்று தோன்றும். அவருடைய கணவர் மின்வாரியத்தில் இருந்தவர். எந்நேரமும் செய்தித்தாளும் கையுமாக இருப்பார். அவரிடம் கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லை, அதனால்தான் அந்தம்மா தெருவுக்கு வந்துவிட்டார் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

நாங்கள் திண்டுக்கல்லில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மறுநாள் காலையே வந்தார். கையில் ஒரு சொம்பு நல்ல தண்ணீர்.

"ராத்திரி தூங்குனீங்களா? புது வீட்ல மொத நாளு யாருக்கும் தூக்கம் வராது. ஆனா உங்க வீட்டுக்காரர் தூங்கிட்டாரு போல. குறட்டை எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பெண் சிரித்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

பழனி போகிற பேருந்தில் ஒரு தடவை, இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்து உரக்கக் கேட்டார். "டீச்சர், உனக்கு நின்னுருச்சா?"

"எது அக்கா?"

"மாசாமாசம் வாரதுதான். மூஞ்சியெல்லாம் வேர்த்து ஊத்துதே?"

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநரின் கை அப்படியே நின்றது. ஒட்டன்சத்திரம் வரும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடுத்த வாரம் அவர் சொன்ன டாக்டரைப் போய்ப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கேள்வியும் நல்லபடியாக முடிந்ததில்லை. மூலைவீட்டு மருமகளிடம் கோவில் வாசலில் வைத்து "எத்தனை மாசம்மா?" என்று கேட்டு, அந்தப் பெண் மாசமாக இல்லை என்று தெரிந்து, இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடம் பேச்சில்லாமல் போனது. அதற்காக அவர் கேட்பதை நிறுத்தவில்லை. "கேட்டாத்தானத்தா தெரியும்? கேக்காம எதைத் தெரிஞ்சுக்கிட்டோம்?" என்பார்.

பின்தெருவில் ஒருவர் இறந்தபோது நானும் அவரும் சேர்ந்து போனோம். இறந்தவரின் மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசியா என்ன சாப்ட்டாரு?" என்று கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. அந்தம்மா திரும்பினார். "மாம்பழம் கேட்டாருக்கா. சக்கரைக்கு ஆகாதுன்னு குடுக்கல" என்றார். அதற்குமேல் அக்கா எதுவும் கேட்கவில்லை. அந்தம்மா நாங்கள் கிளம்பும்வரை அக்காவின் கையை விடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்டுத் தெரிந்துகொண்டதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். அதனால்தான் எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். என் மகளும் சொன்னாள். நான் பள்ளி முடிந்து, தனிப்பாடம் முடிந்து வீடு திரும்பும்வரை அவள் எதிர்வீட்டில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள். வகுப்பில் யாரோடு சண்டை, எந்த டீச்சர் அடித்தார், எந்தப் பையன் பின்னால் வந்தான் எல்லாம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வரும்போது அவளிடம் பசி மட்டும்தான் இருக்கும்.

"அவ உங்ககிட்ட என்னக்கா சொன்னா?" என்று நான் கேட்டால், "அவளைக் கேளு" என்பார்.

கேட்டும் பார்த்தேன். நான் கணக்கு டீச்சர். விடை தெரிந்த கேள்விகளைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். ஒருநாள் காலையில், அவள் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலம், அக்காவைப் போலவே குரலை வைத்துக்கொண்டு, "ராத்திரி தூங்குனியாடி?" என்றேன். அவள் தலை சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா உனக்கு?"

அன்றைக்கு எதிர்வீட்டு முருங்கை இலை எங்கள் வாசலில் வந்து உதிர்வதைப் பற்றி நான் அக்காவிடம் சண்டை போட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "முருங்கை மேலயா கோவம்?" என்று கேட்டார். நான் கேட்டைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

மின்னஞ்சல் வந்த மறுநாளிலிருந்து அக்கா தினமும் மாலை எங்கள் வீட்டுக்கு வந்தார். விசா விதிகளைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. கணினியைத் தொடவே பயப்படுவார். என் கணவர் வக்கீலைப் பற்றி மறுபடி ஆரம்பித்தபோது, "வக்கீல் வரட்டும் சார். அவரும் இதத்தானே கேக்கப் போறாரு? அதுக்கு முன்னாடி நாம செத்த நேரம் பேசிக்குவோம்" என்றார். மகளை எதிரில் உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

"மாப்ளைக்குக் காலையில என்ன வேணும்?"

"கடுங்காப்பி. அதுவும் சக்கரை இல்லாம."

"எது பேசுனா கோவம் வரும்?"

"அவங்க அண்ணனைப் பத்திப் பேசுனா."

"அவங்கிட்ட உனக்குப் பிடிக்காதது?"

"குளிச்சிட்டுத் துண்டைக் கட்டில்லயே போடுறது பெரியம்மா. ஈரத்துண்டு. சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

"இருந்தது ஒரு வாரம். அதுக்குள்ள அலுத்துட்டியா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். என் மகள் ஒரு ஆண்பிள்ளையின் ஈரத்துண்டைப் பற்றிக் குறைசொல்கிற குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது ஒரு மனைவியின் குரல். எப்போது அப்படி ஆனாள் என்பது எனக்குத் தெரியாமல் போனதும், அதைத் தெரிந்துகொள்கிற இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதும் நெஞ்சில் எரிந்தது. கண்ணில் நீர் வந்தது வெங்காயத்தால்தான் என்று சொல்ல வசதியாக இருந்தது.

பிறகு அக்கா ஆடி மாதப் பேச்சுக்கு வந்தார்.

கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. ஒரு வாரத்தில் ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்து, மாதம் முடிந்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாதம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி, பையன் இருக்கறதே கொஞ்ச நாளுங்க. இந்த ஒரு வருசம் ஆடி பாக்காட்டித்தான் என்னங்க?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றேன். மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்து, வேட்டி சட்டை வைத்துக் கொடுத்து, பெண்ணை இங்கே நிறுத்திக்கொண்டு அவரை மட்டும் அனுப்பிவைத்தேன். ஆடி முடிந்த மறுநாளே அவருக்கு விமானம்.

விசா அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விசாரித்தபோது அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மனைவி ஏன் தாய்வீட்டில் இருந்தார் என்று கேட்டதற்கு, "அது ஒரு மாதம்" என்றிருக்கிறார். எல்லாம் மாதந்தானே, இந்த மாதத்தில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பாவம், திணறிப்போய், "அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டார்" என்று முடித்துவிட்டார்.

"அப்ப ஆடி முழுக்க நீ அவனப் பாக்கவே இல்லியா?" என்று அக்கா கேட்டார்.

நான் கத்தியை நிறுத்தினேன்.

"என்னடி சமையக்கட்டையே பாக்குற? அம்மா கேட்டா கேக்கட்டும். பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன் பெரியம்மா."

"எங்க?"

"ஆயக்குடில."

ஆயக்குடி எனக்குத் தெரியும். பழனி போகிற வழி. சாலையோரம் கூடை கூடையாகக் கொய்யாப்பழம் வைத்து விற்பார்கள். ஆடி மாதத்தில் என் மகள் நாலைந்து தடவை பழனிக்குப் போனாள். கல்லூரித் தோழிக்கு உடம்பு சரியில்லை என்றாள். நான் ஹார்லிக்ஸ் பாட்டில்கூட வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். மாப்பிள்ளை நெய்க்காரப்பட்டியிலிருந்து வண்டியில் வந்துவிடுவாராம். கொய்யாக் கடைக்குப் பின்னால் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருப்பார்களாம்.

"ஹார்லிக்ஸை என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் அக்கா.

"அவரு அவங்க அம்மாவுக்குக் கொண்டுபோயிட்டாரு."

அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். கைப்பேசியில் படங்கள் இருந்தன. மகள் காட்டினாள். நானும் ஈரக்கையோடு போய் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாத்துண்டை அவர் ஊட்ட, இவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாங்குகிறாள். ஒரு படத்தில் கடைக்காரம்மாவும் இருவருக்கும் நடுவே நின்று சிரிக்கிறார். அந்தம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சம்பந்திக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் பட்டும் நகையுமாக நூறு படம் இருந்தது. எதிலும் என் மகளுக்கு இந்த முகம் இல்லை.

திட்டுவேன் என்று நினைத்து அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் திட்ட வரவில்லை. கொய்யாக்காரியின் இடத்தில் நிற்கவேண்டும் போலிருந்தது.

"இதத்தான் அனுப்பணும்" என்றார் அக்கா. "ஆனா இது மட்டும் பத்தாது. ஏன் தனித்தனியா இருந்தாங்கன்னு பிரிச்சவதான் சொல்லணும். டீச்சர், நீ எழுது."

அன்றிரவே ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். தமிழ் மாதங்கள் பன்னிரண்டு, ஆடி நாலாவது, விதைப்புக் காலம், அம்மன் கோவில் திருவிழாக்கள், கோடையில் பிரசவம் வேண்டாம் என்று முன்னோர் வகுத்தது. மறுநாள் மகள் அதைக் கணினியில் தட்டச்சு செய்துகொண்டே அக்காவுக்குத் தமிழில் சொன்னாள். அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லாத்தான் இருக்கு. பரீச்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆகும். நீ ஏன் கூட்டிட்டு வந்தன்னு இதுல எங்க இருக்கு?"

"வழக்கம்க்கா. அதுதான் எழுதியிருக்கேனே?"

"சம்பந்தியம்மாவே வேணாம்னு சொல்லிருச்சு. உங்க வீட்டுக்காரரும் உன் இஷ்டம்னுட்டாரு. வெள்ளி செவ்வாய்கூடப் பாக்காதவ நீ. எனக்குத் தெரியாதா? அந்த ஒரு மாசம் எதுக்குத்தா உனக்கு?"

மகள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நான் எழுந்து உள்ளே போய், குடத்தில் தண்ணீர் இருந்தும் இன்னும் கொஞ்சம் பிடித்தேன். திரும்பி வந்தபோது அக்கா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவர் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேறு தாள் எடுத்தேன். நான் அவளுடைய தாய். அவளை அந்த மாதம் என்னோடு வைத்துக்கொண்டது நான். அவளோ மாப்பிள்ளையோ கேட்டு நடந்ததில்லை. நான் பிரித்துவைத்தும் அவர்கள் எனக்குத் தெரியாமல் சந்தித்துக்கொண்டார்கள். எங்கே, எப்படி என்பதற்குப் படங்கள் இணைத்திருக்கிறேன். சேர்ந்திருக்க விரும்பாதவர்கள் தாயிடம் பொய் சொல்லி ஆயக்குடிவரை பேருந்து ஏறிப் போகமாட்டார்கள். இவ்வளவுதான் எழுதினேன். என் மகள் என்னை ஏமாற்றினாள் என்று நானே எழுதி, கையெழுத்தும் போட்டேன். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்னடத்தைச் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் பிள்ளைக்கு இப்படி ஒன்று எழுத வேண்டியிருந்தது. சம்பந்தியும் அவர்கள் பங்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். கொய்யாக்கார அம்மா தாமாகவே சாட்சிக்குப் பெருவிரல் ரேகை உருட்டிக் கொடுக்கிறேன் என்றாராம். அக்காதான் வேண்டாம் என்றார்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் நான் இளைத்துவிட்டேன். விசா வராவிட்டால் என் மகளின் வாழ்க்கை என்னால் கெட்டது. வந்துவிட்டால் அவள் போய்விடுவாள். பள்ளியில் கரும்பலகையில் பாதிக் கணக்கில் நின்றுவிடுவேன். மாலையில் வீடு திரும்பும்போது மகள் அக்கா வீட்டு மேசையில் இருந்தால் ஒரு எரிச்சல். எங்கள் வீட்டில் இருந்தால் என்ன பேசுவது என்று தெரியாத ஒரு படபடப்பு.

விசா வந்த செய்தியை அவள் எனக்குத்தான் முதலில் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றதால் அப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்பிய காரில் அக்காவும் ஏறிக்கொண்டார். யாரும் அழைக்கவில்லை. பின்னிருக்கையில் மகளுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவர். வழியெல்லாம் கேள்வி. கம்பளிச் சட்டை கைப்பையில் இருக்கா, விமானத்துல வாந்தி வருமா, போன உடனே குளிப்பியா தூங்குவியா. எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் அந்தக் கேள்விகளுக்கு நடுவில் நுழைய இடமில்லாமல் போனது. உள்ளே போகிற வாசலில் மகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு அக்கா அவளை இழுத்து அணைத்து, காதோரம் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். அது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவளைக் கேள் என்பார். அவளோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எட்டரையிலிருந்தே அவள் எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும், அல்லது அணைந்திருப்பதாகச் சொல்லும். உடனே மாப்பிள்ளை எண். மறுபடி அவள் எண். விமானத்தில் ஏதாவது ஆகியிருக்குமா, அந்த ஊர் அதிகாரிகள் நிறுத்திவைத்து மறுபடி ஆடியைப் பற்றிக் கேட்கிறார்களா, அவர் வந்து சேராமல் இவள் தனியாக நிற்கிறாளா. என் கணவர், "செத்த நேரம் அந்தப் போனை வையேன்" என்றார். வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். பத்து மணி தாண்டிவிட்டது.

எதிர்வீட்டுக் கேட் ஓசை கேட்டது. அக்கா வந்தார். குளித்த தலையில் துண்டு சுற்றியிருந்தது. காலில் செருப்பில்லை. கையில் கைப்பேசி.

"என்னத்தா உன் போனுக்கு? யார்கூடப் பேசிக்கிட்டே இருக்க?" என்றார் வாசலிலிருந்தே. "பிள்ளை போய்ச் சேந்துட்டா. மாப்ளை வந்து நின்னுருக்கான். வீட்டுக்கே போயாச்சு. உனக்கு அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, பிசியாவே இருக்குன்னு எனக்கு அடிச்சா. ஒரே அழுகை. அம்மாவுக்கு என்ன ஆச்சு, பெரியம்மா போய்ப் பாருன்னு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னக்கா சொன்னா? நல்லாருக்காளா? வேற என்ன சொன்னா?"

அக்கா தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி சுற்றினார்.

"அதத்தான் நானும் கேட்டேன். அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்ங்கிறா. என்னடி, எங்கிட்டச் சொல்லு, நான் சொல்லிர்றேன்னேன். இல்ல பெரியம்மா, அம்மாகிட்டத்தான் சொல்லணும்னுட்டா. நானும் இந்தப் பக்கம் கேட்டேன், அந்தப் பக்கம் கேட்டேன். ம்ஹூம், வாயவே தொறக்கல." நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. "அப்படி எங்கிட்டச் சொல்லாத விசயம் என்னத்தா அது? சரி, போனைக் கீழ வையி. நீ அடிக்காம இருந்தாத்தான் அவ அடிக்க முடியும். அவ பேசட்டும், நான் வேணும்னா காதப் பொத்திக்கிறேன். ஆனா இங்கிருந்து எந்திரிக்க மாட்டேன், சொல்லிட்டேன்."